இடது கையால் சாப்பிடும் மகன்

கேள்வி: நாங்கள் டெக்சாஸில் வசிக்கிறோம். மகன் கல்லூரி பேஸ்பால் அணியில் பிட்சர் (பந்து எறிபவன்), மூன்றாம் ஆண்டு. வரும் ஜூலையில் டிராஃப்ட், அதாவது தொழில்முறை அணிகள் இளம் வீரர்களை எடுக்கும் தேர்வு. கல்லூரியிலேயே பேரெடுத்த பிட்சர்கள் மார்க் பிரையர், ஸ்டீபன் ஸ்டிராஸ்பர்க், பால் ஸ்கீன்ஸ் மூவரின் கல்லூரி ஆட்டக் கணக்கையும் பிற்கால ஆட்டத்தையும் மகனுடைய கணக்கோடு சேர்த்துப் பட்டியல் போட்டு இணைத்திருக்கிறேன். இவன் யாரைப் போல வருவான்? அழைப்பு வந்தால் கையெழுத்துப் போடலாமா, பட்டத்தை முடிக்கட்டுமா? மனைவிக்கு இதிலெல்லாம் அக்கறை இல்லை. வார இறுதியில் வீட்டுக்கு வருபவன் கொஞ்ச நாளாக இடது கையால் சாப்பிடுகிறான் என்பதுதான் அவளுடைய ஒரே குறை.

பதில்: அந்தக் கடைசி வரியை எழுதிவிட்டு எப்படி உங்களால் கடிதத்தை மடித்து உறையில் போட முடிந்தது?

உங்கள் மகன் வலது கையால் பந்து எறிகிறவன். அது உங்கள் பட்டியலிலேயே இருக்கிறது. இருபது வருடம் அந்தக் கையால் சோறு பிசைந்து சாப்பிட்டவன் திடீரென்று கரண்டியை இடது கைக்கு மாற்றுகிறான். உங்கள் மனைவி அதைப் பார்த்துவிட்டார். பழக்கம் கெட்டுப்போனது என்று அவர் நினைத்திருக்கலாம். ஆனால் பார்த்தது அவர்தான். நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தது கணினித் திரையை. அக்கறை இல்லாதவர் யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

நான் மருத்துவர் இல்லை. அது வலிதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஆர்.ஏ. டிக்கி என்று ஒரு பிட்சர் உண்டு, டென்னசி பல்கலைக்கழகத்தில் ஆடியவர். 1996இல் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணி அவரை முதல் சுற்றிலேயே எடுத்து 8,10,000 டாலர் தருவதாகச் சொன்னது. ஒரு பத்திரிகையின் அட்டைப்படத்தில் அவருடைய வலது கை ஒரு மாதிரியாகத் தொங்குவதை அந்த அணியைச் சேர்ந்த ஒருவர் கவனித்தார். பரிசோதித்தால், முழங்கையில் இருக்க வேண்டிய முக்கியமான தசைநாரே இல்லை. தொகை 75,000 டாலராகச் சுருங்கியது. யாரோ ஒருவர் புகைப்படத்தில் கண்டுபிடித்ததை, எதிரே உட்கார்ந்து சாப்பிடும் தகப்பனால் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் எனக்குக் கோபம் வராதா? (டிக்கி விட்டுவிடவில்லை. வேறொரு பந்துவீச்சைக் கற்றுக்கொண்டு 2012இல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதே வாங்கினார். அதைப் பிடித்துக்கொண்டு எனக்குப் பதில் எழுதாதீர்கள்.)

பட்டியலுக்கு வருகிறேன், கேட்டுவிட்டீர்கள் என்பதற்காக. பிரையர் 2001இல் கல்லூரியில் 15 வெற்றி, ஒரே தோல்வி, 202 ஸ்டிரைக்அவுட் (பந்தாலேயே மட்டையாளரை வெளியேற்றுவது). எறியும் விதத்தில் குறையே இல்லை என்று அன்று எல்லோரும் மெச்சினார்கள். 26 வயது நிரம்பும் முன்பே பெரிய லீக்கில் அவருடைய கடைசி ஆட்டம் முடிந்துவிட்டது. ஸ்டிராஸ்பர்க் 2009இல் 109 இன்னிங்ஸில் 195 ஸ்டிரைக்அவுட். மறு ஆண்டே முழங்கையில் அறுவை சிகிச்சை. 2019இல் அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் சிறந்த வீரர். பிறகு 24.5 கோடி டாலர் ஒப்பந்தம். அதன் பிறகு அவர் ஆடியது வெறும் 8 ஆட்டங்கள். ஸ்கீன்ஸ் இப்போதுதான் தொடங்கியிருக்கிறார், அவரை விட்டுவிடுவோம். ஜேக்கப் டிகிராம் உங்கள் பட்டியலிலேயே இல்லை. அவரும் பிட்சர்தான், ஆனால் கல்லூரியில் பெரும்பாலும் ஷார்ட்ஸ்டாப், அதாவது களத்தில் பந்தைத் தடுத்துப் பிடிப்பவர். பந்து எறியத் தொடங்கியதே கடைசியில்தான். 2010இல் ஒன்பதாவது சுற்றில் எடுத்தார்கள். பிறகு இரண்டு சை யங் விருதுகள். இந்த எண்களை வைத்து உங்கள் மகனுக்கு ஜாதகம் கணிக்க முடியுமா? பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணோடு தன் பிள்ளையுடையதை ஒப்பிட்டு எழுதும் பெற்றோர் வாரம் பத்துப் பேர் எனக்கு உண்டு. நீங்கள் பதினோராவது ஆள். பக்கத்து வீடு மட்டும் கொஞ்சம் பெரியது.

மகன் ஏன் உங்களிடம் சொல்லவில்லை? ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் பட்டியலில் ஒரு வரி சேர்க்கும் அப்பாவிடம் எந்தப் பிள்ளை கை வலிக்கிறது என்று சொல்லும்? பிள்ளை வந்து சொல்லக்கூடிய இடமாக இருப்பதுதான் தகப்பனுடைய முதல் வேலை. நீங்கள் அவனுடைய வேகத்தைக் குறித்துவைத்திருக்கிறீர்கள், எத்தனை பந்து என்று எண்ணியிருக்கிறீர்கள். கை எப்படி இருக்கிறது என்று கேட்டதாகக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

மறைத்தும் பயனில்லை. கையெழுத்துக்கு முன் அணிகள் கையைப் படமெடுத்துப் பார்த்துவிடும். பட்டமா, பணமா என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி. இந்த ஆண்டு கையெழுத்துப் போடாவிட்டால் நான்காம் ஆண்டு ஆடிவிட்டு மறுபடியும் டிராஃப்டுக்குப் போகலாம். போட்டால், மீதிப் படிப்புக்கான செலவை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கலாம்.

இந்த வார இறுதியில் அவனைத் தனியாகக் காரில் அழைத்துப் போங்கள். சாப்பாட்டு மேசையில் கேட்காதீர்கள், அம்மா முன்னால் சிரித்து மழுப்பிவிடுவான். கல்லூரி அணியோடு தொடர்பில்லாத ஓர் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் மன்னிப்புக் கேளுங்கள். மருத்துவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். பட்டியல் வேண்டாம்.