மாக் எண்ணும் மண்டைச்சூடும்: வாசகர் கேள்வி-பதில்

பள்ளித் திட்டப்பணிக் காலம் போலிருக்கிறது, வந்த கடிதங்களில் பாதி மாணவர்களுடையவை.

மாக் 5 என்றால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர்? – ஈசூன் வாசகர்

எந்த உயரத்தில்? அதை எழுதவில்லையே! ஒலியைப் போல எத்தனை மடங்கு வேகம் என்பதுதான் மாக் எண். அந்த ஒலியின் வேகமோ காற்றின் வெப்பநிலையைப் பொறுத்தது. நம் ஊர் வெயிலில் விநாடிக்கு 350 மீட்டர். 20 கிலோமீட்டர் மேலே, அந்தக் குளிரில் 295 போல. மேலே பறந்தால் மாக் 5 என்பது மணிக்குச் சுமார் 5,300 கிலோமீட்டர். உயரம் சொல்லாமல் மாக் எண்ணை மட்டும் எழுதாதீர்கள்.

ராம்ஜெட் நின்ற இடத்திலிருந்து கிளம்புமா? – பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர், ஜூரோங் வெஸ்ட்

கிளம்பாது. ராம்ஜெட் என்பது தன் வேகத்தாலேயே எதிர்க்காற்றை அழுத்தி, அதில் எரிபொருளை எரிக்கும் எஞ்சின். காற்றை அழுத்த அதில் சுழலும் பாகமே இல்லை. முதலில் வேறு ஏதாவது தள்ளிவிட வேண்டும்.

இஸ்ரோவின் ஸ்கிராம்ஜெட் வெறும் 5 விநாடிதான் எரிந்ததாமே. இதற்கா இவ்வளவு ஆரவாரம்? – தெம்பனிஸ் வாசகர்

இந்த 'வெறும்' என்ற சொல்லைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ராம்ஜெட்டில் காற்றை ஒலிவேகத்துக்குக் கீழே இறக்கி எரிக்கிறோம். மாக் 6இல் அப்படி இறக்கினால் காற்று 1,800 கெல்வின் வரை கொதித்துவிடும். அழுத்த இழப்பும் தாங்காது. அதனால் ஸ்கிராம்ஜெட்டில் காற்றை ஒலியை மிஞ்சிய வேகத்திலேயே ஓடவிட்டு எரிக்க வேண்டியிருக்கிறது. எரிகலனுக்குள் அது விநாடிக்கு ஒன்றரை கிலோமீட்டர் போல ஓடும். எரிகலன் ஒரு மீட்டர் நீளம் என்றால், எரிபொருள் கலந்து, பற்றி, எரிந்து முடிக்க ஒரு மில்லி விநாடிகூடக் கிடையாது. இப்போது 5 விநாடியை அதால் வகுத்துப் பாருங்கள், ஆயிரக்கணக்கில் வரும். 28 ஆகஸ்ட் 2016 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது அதைத்தான் செய்து காட்டியது, ஹைட்ரஜனை எரித்து. 2004இல் மாக் 9.6ஐத் தொட்ட நாசாவின் எக்ஸ்-43ஏ எஞ்சினும் 10 விநாடிதான் எரிந்தது. அதை யாரும் 'வெறும்' என்று சொல்லவில்லையே? மூன்றரை நிமிடம் எரிந்த அமெரிக்காவின் எக்ஸ்-51ஏ ஸ்கிராம்ஜெட் வந்தது 2013இல். அதற்கு முந்தைய முயற்சிகளில் சில தோற்றுத்தான் போயின.

மூக்கைக் கூராக்கினால் சூடு குறையாதா? – செங்காங்

கூடும். மழுங்கலான மூக்குக்கு முன்னால் அதிர்ச்சியலை (காற்று சட்டென்று அழுந்திச் சூடாகும் மெல்லிய எல்லை) விலகி நிற்பதால் சூட்டின் பெரும்பங்கு காற்றோடு போய்விடும். விண்வெளியிலிருந்து திரும்பும் கலங்கள் மழுங்கலாக இருப்பது அதனால்தான். ஆனால் ஸ்கிராம்ஜெட் விமானத்துக்கு மழுங்கல் ஆகாது, இழுவை கொன்றுவிடும்.

மாக் 8இல் மூக்கில் மோதி நிற்கும் காற்றின் வெப்பநிலை கணினியில் 3,000 கெல்வின் வந்தது. சரியா? – பல்கலைக்கழக மாணவி

தன்வெப்ப விகிதத்தை (மாறா அழுத்தத்திலும் மாறாக் கன அளவிலும் காற்றுக்குள்ள தன்வெப்பங்களின் விகிதம்) சாதாரணக் காற்றுக்குரிய 1.4 என்றே வைத்துவிட்டீர்கள், அப்படித்தானே? அந்தச் சூட்டில் மூலக்கூறுகள் அதிர்ந்து ஆற்றலை விழுங்கும், ஆக்ஸிஜனும் பிளக்கத் தொடங்கும். உண்மையில் சில நூறு கெல்வின் குறையும். அப்புறம், நீங்களும் உயரம் எழுதவில்லை.

சிங்கப்பூர்–லண்டன் இரண்டு மணி நேரத்தில்? – பொங்கோல்

கணக்கில் வரும். ஆனால் மாக் 2இல் பறந்த கான்கார்டு பயணிகள் விமானம் 1977இல் இங்கே மூன்று முறை வந்துபோனதுமே, சத்தத்துக்காக மலேசியா ஆட்சேபித்துச் சேவை நின்றது. 1979இல் மறுபடி தொடங்கி, மறு ஆண்டே முடிந்தது. மாக் 5 விமானத்துக்கு எந்த நாட்டு வானில் இடம் கேட்பீர்கள்?