ஃபுல் நைட் வாரத்தில் மட்டும் ஏன் இந்த இடுப்பு வலி?

கேள்வி: கோவைப் பக்கம் ஸ்பின்னிங் மில்லில் சைடராக (நூற்கும் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் வேலை) இருக்கிறேன். வயது 41. வாரம் ஒரு ஷிஃப்ட் மாறும். ஃபுல் நைட் (12 முதல் 8) வாரத்தில் இடுப்பும் குதிகாலும் தாங்க முடியவில்லை. பகல் ஷிஃப்டிலும் அதே ஃபிரேம் (நூற்கும் மெஷின்), அதே நடைதான், இவ்வளவு வலி இல்லை. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள். மாத்திரையில்தான் ஓடுகிறது. வீட்டில் சாக்கு சொல்வதாக நினைக்கிறார்கள்.

பதில்: உங்கள் வலி நிஜம். முதலில் இதை வீட்டில் படித்துக் காட்டுங்கள்.

எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், தூக்கம் கெட்டதைக் காட்டாது. உடம்பிலிருந்து வரும் வலியை மூளை ஓரளவு அடக்கித்தான் நமக்குத் தெரியவிடுகிறது. தூக்கம் குறைந்தால் அந்த அடக்கும் சக்தி தளர்ந்துவிடும். நோயே இல்லாதவர்களை ஓர் இரவு தூங்கவிடாமல் வைத்துச் சோதித்தபோதும், சாதாரணமாகப் பொறுத்துக்கொள்ளும் சூடு அவர்களுக்கு வலியாகத் தெரிந்தது.

மூளைக்குள் வெளிச்சத்தைப் பார்த்து ஓடும் ஒரு கடிகாரம் இருக்கிறது. அது நாளுக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் நகரும். உங்கள் ஷிஃப்டோ ஒரேயடியாக எட்டு மணி நேரம் நகர்கிறது. உடம்பு பழகுவதற்குள் வாரம் முடிந்துவிடும்.

அப்புறம், வீட்டுக்கு வந்ததும் சமையல், துணி, பதினோரு மணிக்குப் படுக்கை, பிள்ளைகள் வந்ததும் எழுவது என்றுதானே உங்கள் நாள் போகிறது? அந்த நான்கைந்து மணி நேரத் தூக்கம் போதவே போதாது. அந்த ஒரு வாரமாவது காலைச் சமையலை வேறு யாராவது பார்க்கட்டும். மருந்துச் சீட்டில் எழுதித் தருவதுபோலத்தான் இதைச் சொல்கிறேன். கொஞ்சம் சாப்பிட்டு, ஒன்பது மணிக்கே படுங்கள். ஜன்னலுக்குக் கனமான போர்வையைத் தொங்கவிடுங்கள். இரவு ஒன்பதிலிருந்து பத்தரை வரை இன்னொரு தூக்கம் போடுங்கள். விடியற்காலை மூன்று மணிக்குப் பிறகு டீ வேண்டாம். குடித்து ஐந்து மணி நேரம் ஆனாலும் அதிலுள்ள காஃபீனில் ஏறக்குறைய பாதி உடம்பில் இருக்கும்.

டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். அவற்றால் வயிற்றில் புண் வரலாம். நாள்பட்டால் சிறுநீரகம் கெடலாம், ரத்த அழுத்தம் ஏறலாம். இரவில் சாப்பிடும் சோற்றின் சர்க்கரையை உடம்பு சரியாகக் கையாளாது. அதனால் வேலைக்குப் போகும் முன்பே சாப்பிட்டுவிடுங்கள். வருடம் ஒருமுறை சர்க்கரை, பிரஷர் பார்த்துக்கொள்ளுங்கள்.

குதிகாலுக்கு மெத்தென்ற அடிப்பாகம் உள்ள செருப்பு வேண்டும். எழுந்து முதல் அடி வைக்கும் முன் கெண்டைக்காலை நீட்டி இழுங்கள்.

ஷிஃப்ட் மாறும் வரிசையையும் கவனியுங்கள். பகல், ஆஃப் நைட் (மாலை ஷிஃப்ட்), ஃபுல் நைட் என்று முன்னோக்கிப் போனால் உடம்பு ஓரளவு தாங்கும், பின்னோக்கி வந்தால் கஷ்டம். சூப்பர்வைசரிடம் கேட்டுப் பாருங்கள்.

கால் மரத்துப்போவது, பலமிழப்பது, சிறுநீர் அடங்காமல் போவது, காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது இவற்றில் எது இருந்தாலும் உடனே டாக்டரிடம் போங்கள். தூங்கி எழுந்ததும் அரை மணிக்கு மேல் இடுப்பு இறுகிக் கிடந்து, நடமாடினால் விடுகிறதா? அப்படியானால் மூட்டுவாத நிபுணரைப் பாருங்கள்.

அடுத்த இரண்டு ஃபுல் நைட் வாரங்களில் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், வலி பத்துக்கு எத்தனை என்று தினமும் ஒரு நோட்டில் எழுதுங்கள். டாக்டரிடம் போகும்போது அதையும் கொண்டுபோங்கள்.