இறைச்சி ஆலைகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

2020-ல் அமெரிக்காவில் இறைச்சி ஆலைகளை மூடியதால் பண்ணைக்காரர்கள் பன்றிகளைக் கொன்று புதைத்ததை ஒரு காணொளியில் பார்த்தேன். கொஞ்சம் பேருக்கு நோய் என்றால் ஆலையையே மூடுவதா? ஊர் சாப்பிட வேண்டாமா?

கே., ஈரோடு

அன்புள்ள கே.,

மூடாமல் ஓட்டித்தான் பார்த்தார்கள்.

தெற்கு டக்கோட்டாவில் சூ ஃபால்ஸ் என்ற ஊர். அங்கே ஸ்மித்ஃபீல்ட் ஆலையில் சுமார் 3,700 பேர் வேலை செய்தார்கள். நாட்டின் பன்றி இறைச்சியில் நான்கைந்து சதவீதம் அந்த ஓர் ஆலையிலிருந்து வந்தது. மார்ச் கடைசியில் அங்கே கொரோனா தெரியவந்தது. ஏப்ரல் முழுக்க லீவு போடாமல் வந்தால் 500 டாலர் போனஸ் என்றார்கள். வாடகை கட்ட வேண்டியவர் காய்ச்சலோடும் வரத்தானே செய்வார்? ஏப்ரல் 12-ல் காலவரையின்றி மூடுவதாக அறிவித்தார்கள். 25-ம் தேதிக்குள் 929 தொழிலாளர்களுக்குத் தொற்று, நாலில் ஒருவருக்கு. இதைக் கொஞ்சம் பேர் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

வெட்டுக்கூடத்தை நினைத்துப் பாருங்கள். இறைச்சி நகர்ந்து வந்துகொண்டே இருக்கும். ஒருவர் நாள் முழுக்க ஒரே வெட்டைத்தான் போடுவார். இரண்டு பக்கமும் தோள் உரச ஆட்கள். குளிர், இயந்திர இரைச்சல். பக்கத்து ஆளிடம் பேச வேண்டுமானால் காதருகே போய்க் கத்த வேண்டும். நேபாளி, ஸ்வாஹிலி, அம்ஹாரிக், ஸ்பானிஷ் என்று 40 மொழிக்காரர்கள், பலர் பிழைக்க வந்தவர்கள். இருமல் வந்தால் ஒதுங்கி இரும அங்கே இடமில்லை.

சரி, பன்றிகள். ஆறு மாதத்தில் 130 கிலோவை நெருங்கும்போது அவை லாரி ஏறிவிட வேண்டும். அதற்கு மேல் பெருத்தால் ஆலை இயந்திரங்களுக்கு ஒத்துவராது. கொட்டகைக்கு அடுத்த குட்டிகளும் வந்துகொண்டிருக்கும். வெட்டுவதை ஒருசில பெரிய ஆலைகளிடமே விட்டுவைத்திருந்ததால், அவற்றில் சில சேர்ந்தாற்போல் நின்றதும் பன்றிகளுக்குப் போக்கிடம் இல்லை. தீனி போட்டு வளர்த்தவர்களே கொல்ல நேர்ந்தது கொடுமைதான். அந்தக் கோபம் ஆலையை மூடச் சொன்னவர்கள்மேல் திரும்புவதுதான் எனக்குத் தாங்கவில்லை. மார்ச்சிலேயே ஆட்களைத் தள்ளி நிற்கவைத்து, சம்பளத்தோடு லீவு கொடுத்திருந்தால் அத்தனை பேர் ஒன்றாகப் படுத்திருக்க மாட்டார்கள்.

ஏப்ரல் 28-ல் ஆலைகள் இயங்க வேண்டும் என்று டிரம்ப் ஆணை போட்டார். ஆணை போட்டுக் காய்ச்சலை இறக்க முடியுமா? ஆலைகள் திறந்த பிறகும் ஆள் போதாமல் பாதி வேகத்தில் ஓடியவை உண்டு.

சூ ஃபால்ஸ் ஆலையில் அந்த வசந்தத்தில் நான்கு தொழிலாளர்கள் இறந்துபோனார்கள். செப்டம்பரில் அரசு விதித்த அபராதம் 13,494 டாலர். அப்போது அறிவித்த போனஸை 27 பேருக்குக் கொடுக்கக்கூட அது முழுசாகக் காணாது.