இரசாயன விபத்து நடந்த இடத்துக்கு முதலில் வருகிறவர்களுக்கு: வடசென்னை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

தீயணைப்பு, மீட்புப் பணியில் நிலைய அலுவலராக இருந்து ஓய்வுபெற்று, இப்போது இரசாயன விபத்துகளைக் கையாளும் பயிற்சியை அளித்து வரும் ஒருவர், மணலி முதல் எண்ணூர் வரையுள்ள வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எழுதிய பதில்கள்.

திருவொற்றியூரிலிருந்து ஓர் ஆம்புலன்ஸ் ஊழியர்: டேங்கர் லாரி கவிழ்ந்தால் தீயணைப்பு வண்டிக்கு முன்பே நாங்கள் போய்விடுகிறோம். ஓட்டுநர் உள்ளே சிக்கியிருக்கும்போது தள்ளி நில் என்றால் எப்படி நிற்பது?

நிற்கத்தான் வேண்டும். பயிற்சியில் மிகக் கடினமான பாடமும் அதுதான், ஏனென்றால் அடிபட்டவரிடம் ஓடிப் போவதையே உங்களுக்கு இத்தனை ஆண்டுகளாகக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். 2013 ஏப்ரல் 17 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வெஸ்ட் என்ற சிற்றூரின் உரக்கிடங்கு தீப்பிடித்து வெடித்தபோது இறந்த 15 பேரில் 12 பேர் உதவி செய்யப் போனவர்கள். 2015 ஆகஸ்டில் சீனாவின் தியான்ஜின் துறைமுகக் கிடங்கு வெடித்தபோது இறந்தோரும் காணாமற்போனோருமாகக் கணக்கிடப்பட்ட 173 பேரில் 104 பேர் தீயணைப்பு வீரர்கள். அவர்களுக்குத் துணிச்சல் குறைவாக இருக்கவில்லை. எதிரே எரிவது என்ன என்பது பலருக்குத் தெரியவில்லை.

எனவே வண்டியைக் காற்று வரும் பக்கத்தில், முடிந்தால் சற்று மேடான இடத்தில், முகப்பு வெளியே போகும் திசையைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். பொருள் இன்னதென்று தெரியாதவரை குறைந்தது 100 மீட்டர் தள்ளி நிற்பது உலகெங்கும் பின்பற்றப்படும் தொடக்க அளவு. எரிவாயு டேங்கரை நெருப்பு சூழ்ந்துவிட்டால் அந்தத் தொலைவு 1,600 மீட்டராகிவிடும். பிறகு லாரியின் எச்சரிக்கைப் பலகையில் உள்ள எண்ணைப் படித்து 112-க்கோ 101-க்கோ சொல்லுங்கள். கைப்பேசிக் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தாலே பெரும்பாலும் எண் தெரிந்துவிடும். அந்த ஒரு தகவலால், பின்னால் வரும் வண்டி ஃபோமுடன் (தீயணைக்கும் நுரையுடன்) வர வேண்டுமா, இரசாயனக் காப்புடையுடன் வர வேண்டுமா என்பது முடிவாகும். ஓட்டுநரை மீட்கும் வேலைக்கு அதைவிட விரைவான வழி கிடையாது.

எர்ணாவூர் பகுதிப் போக்குவரத்துக் காவலர்: டேங்கர் லாரியின் எச்சரிக்கைப் பலகையில் இருப்பவற்றை எப்படிப் படிப்பது?

சரக்கு என்ன பொருள் என்பதைக் காட்டும் நான்கு இலக்க ஐ.நா. எண்ணை முதலில் பாருங்கள். நம் சாலைகளில் அடிக்கடி கண்ணில் படுபவை சிலவே: பெட்ரோல் 1203, சமையல் எரிவாயு 1075, நீரற்ற அம்மோனியா 1005, குளோரின் 1017, கந்தக அமிலம் 1830. இந்த ஐந்தையும் மனப்பாடமாக வைத்திருக்கும் காவலர், பாதி வகுப்பை முடித்தவருக்குச் சமம். அடுத்தது அவசரச் செயல் குறி. பெட்ரோல் லாரியில் 3 ஒய் ஈ என்றிருக்கும். அதில் 3 என்றால் ஃபோம் அடிக்க வேண்டும். ஒய் என்றால் மூச்சுக் கருவி தேவை, வெடிக்கும் இயல்பு உண்டு, சிந்தியதைக் கால்வாயில் கழுவிவிடாமல் தடுத்து நிறுத்த வேண்டும். ஈ என்றால் சுற்றியுள்ள மக்களை அப்புறப்படுத்துவது பற்றி யோசிக்க வேண்டும்.

ஓட்டுநர் நினைவோடு இருந்தால் அவரையே கேளுங்கள். ஆபத்தான சரக்கு ஏற்றுபவர் மூன்று நாள் பயிற்சிச் சான்று பெற்றிருக்க வேண்டும் என்பது 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 9-ஆவது விதி. 'காலி வண்டி சார்' என்று அவர் சொன்னால் மட்டும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். இறக்கி முடித்த பெட்ரோல் டேங்கருக்குள் ஆவியும் காற்றும் கலந்து நிற்கும். பொறி பட்டால் அதுதான் வெடிக்கும்.

சின்னக்குப்பத்திலிருந்து ஒரு மகளிர் குழு உறுப்பினர்: 2023 டிசம்பரில் அம்மோனியா கசிந்த இரவில் ஆளுக்கொரு பக்கம் ஓடினோம். எந்தப் பக்கம் ஓடியிருக்க வேண்டும், ஐயா?

அம்மா, டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, உர ஆலைக்குக் கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் ஏற்பட்ட கசிவைத்தான் கேட்கிறீர்கள். பொதுவிதி இது: காற்றோடு ஓடினால் வாயு உங்களுடனேயே வரும், காற்றை எதிர்த்து ஓடினால் கசிவிடத்துக்கே போய்ச் சேர நேரலாம், ஆகவே காற்றுக்குக் குறுக்காக விலக வேண்டும். கடலில் கசிந்து, காற்றும் கடலிலிருந்து வீசினால், வாயு ஊரைக் கடந்து மேற்கே போகும். அப்போது கரையை ஒட்டி வடக்கேயோ தெற்கேயோ போவதுதான் குறுக்கு வழி. சாலையைத் தாண்டி உள்ளே ஓடுவது, மனம் இயல்பாகச் சொல்லும் வழியானாலும், வாயுவின் பாதையிலேயே ஓடுவதாகும்.

அம்மோனியா காற்றைவிட இலேசானது என்று பாடப்புத்தகம் சொல்லும். ஆனால் குளிர்ந்த திரவமாகக் கசியும்போது அது வெண்புகையாகத் தரையோடு தவழும். கண்ணுக்குத் தெரியும் புகையின் விளிம்புக்கு அப்பாலும் வாயு இருக்கும். தண்ணீரில் எளிதில் கரைவதால், நனைத்த துணியை மூக்கிலும் வாயிலும் கட்டிக்கொள்வது பயன் தரும். கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருப்பது தளம் போட்ட வீட்டில் சிறிது நேரத்துக்கு உதவலாம். ஓலையும் தகரமும் வேய்ந்த வீட்டில் உதவாது.

என்னைக் கேட்டால், குப்பங்களில் முதல் செலவு உயரமான கம்பத்தில் காற்றின் திசை காட்டும் ஒரு காற்றுப்பையும், இரவில் அது தெரிய ஒரு விளக்கும். மீனவர்களுக்குக் காற்றின் திசையை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. பதற்றத்தில் அண்ணாந்து பார்க்க ஒன்று வேண்டும், அவ்வளவுதான்.

மணலியிலிருந்து ஓர் இளம் தீயணைப்பு வீரர்: முழு உடல் காப்புடையில் பயிற்சி எடுத்தபோது பத்து நிமிடத்திலேயே தலை சுற்றியது. பழக்கமானால் சரியாகிவிடுமா?

ஓரளவுக்கு மட்டுமே சரியாகும். மீதியைத் திட்டமிட்டுத்தான் சமாளிக்க வேண்டும். காற்றுப் புகாத உடைக்குள் வியர்வை ஆவியாகாது. உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் முக்கிய வழி அடைபட்டுவிடுகிறது. குளிர் நாடுகளில் எழுதப்பட்ட கால அளவுகளை மே மாத மணலிக்கு அப்படியே எடுத்துக்கொள்வது ஆபத்து. உடை போடுமுன் நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும். எடை பார்த்து, கழற்றியபின் மீண்டும் பார்த்தால் எவ்வளவு நீர் இழந்தீர்கள் என்பது தெரியும். முதல் நாள் தலைசுற்றியவரைக் கேலி செய்யும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அப்படிக் கேலி செய்தால் அடுத்தவர் தலைசுற்றலை மறைப்பார், மயங்கி விழும்போதுதான் நமக்குத் தெரியவரும்.

பி.ஏ. செட்டின், அதாவது முதுகில் சுமக்கும் மூச்சுக் கருவியின், கணக்கையும் மனத்தில் போட்டுப் பழகுங்கள். 6 லிட்டர் உருளையில் 300 பார் அழுத்தம் என்றால் சுமார் 1,800 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 40 லிட்டர் வீதம் 45 நிமிடம் வரும் என்று காகிதம் சொல்லும்; கடுமையாக உழைக்கும் ஆளுக்கு அது அரை மணிகூட வராது. போகும் நேரம், திரும்பும் நேரம், உடையோடு நின்று கழுவப்படும் நேரம் எல்லாவற்றையும் கழித்தால் கசியும் வால்வின் அருகே கிடைப்பது சில நிமிடங்களே.

அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான் நான் வகுப்பில் மேசைமேல் நட்டையும் போல்ட்டையும் கொட்டிவைத்து, கையுறைமேல் கையுறை அணிந்து பூட்டச் சொல்கிறேன். முகக்கண்ணாடியில் ஆவி படிந்திருக்கும், விரல்நுனிக்கு உணர்ச்சி இருக்காது, போல்ட் நழுவி விழும், குனிந்தால் உடை இழுக்கும். பேச்சும் சரியாகக் கேட்காது என்பதால் கைக்குறிகள் வேண்டும்: தொண்டையில் கை வைத்தால் காற்று தீர்கிறது, தலைமேல் இரு கைகளையும் வைத்தால் உதவி வேண்டும், கூட்டாளியின் மணிக்கட்டைப் பிடித்தால் உடனே வெளியேறு. தனியாக ஒருவர் உள்ளே போகும் பேச்சே கிடையாது. அதே உடையில் இன்னும் இருவர் வெளியே தயாராக நிற்க வேண்டும்.

புழலிலிருந்து ஒரு குடிநீர்ப் பணியாளர்: குளோரின் டன்னர் (ஒரு டன் அளவுள்ள பெரிய கொள்கலன்) கசிந்தால் தண்ணீர் அடிக்கலாமா?

கசியும் துளையின்மீது அடிக்கவே கூடாது. குளோரினும் நீரும் சேர்ந்து அமிலமாகி, உலோகத்தை அரித்துத் துளையைப் பெரிதாக்கிவிடும். விலகிச் செல்லும் வாயுவைத் தள்ளிநின்று நீர்த்திரையால் திசை திருப்புவது வேறு. அதைவிடப் பயனுள்ள வேலை, பயிற்சி பெற்றவர்கள் மூச்சுக் கருவியோடு போய், கசிவிடம் மேற்புறம் வரும்படி டன்னரை உருட்டுவது. கீழே இருந்தால் திரவம் கசியும். அது 450 மடங்குக்கும் மேல் வாயுவாக விரியும். மேலே வந்தால் வாயு மட்டும் கசியும். பிறகு சரிசெய்யும் கருவிப்பெட்டியால் அடைக்கலாம். உருளைக்கான பெட்டி வேறு, டன்னருக்கானது வேறு என்பதை முன்கூட்டியே பார்த்து வையுங்கள். கசிவிடம் தெரியாவிட்டால், அம்மோனியாக் கரைசல் உள்ள பிழிகுப்பியின் ஆவியை அருகே காட்டினால் வெண்புகை எழும் இடமே அது. குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானதால் தப்பிப்பவர்கள் மேல்தளத்துக்குப் போக வேண்டும், பள்ளத்துக்கு அல்ல.

மாதவரத்திலிருந்து ஒரு கிடங்குக் கண்காணிப்பாளர்: அம்மோனியம் நைட்ரேட் தீப்பிடித்தால் ஃபோம் போதுமா?

போதாது. அது தன் ஆக்சிஜனைத் தானே தருவதால் மூடி அணைக்க முடியாது. தொடக்கத்திலேயே ஏராளமான தண்ணீர் வேண்டும், தீ குவியலைப் பிடித்துவிட்டால் எல்லோரும் தூரமாக விலக வேண்டும். 2020 ஆகஸ்ட் 4 பெய்ரூட் வெடிப்பில் இருந்தது 2,750 டன். அதே மாதம் மணலிக் கிடங்கில் சுமார் 740 டன் இருப்பதாகச் செய்தி வந்து, பின் அது ஹைதராபாத்துக்கு அனுப்பப்பட்டது பலருக்கு நினைவிருக்கும்.

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: ஒத்திகைகள் வெறும் நாடகம்போல் தெரிகின்றனவே?

பல நேரம் அப்படித்தான். 1989-ஆம் ஆண்டு அபாயகர இரசாயன விதிகள் ஆலைக்குள் ஆறு மாதத்துக்கு ஒரு முறையும், ஆலைக்கு வெளியே ஆண்டுக்கு ஒரு முறையும் ஒத்திகை கேட்கின்றன. எண்ணிக்கை நிறைவேறுகிறது. ஆனால் காலை பத்து மணிக்குப் பந்தல் போட்டு, விருந்தினர் வந்தபின் புகைக்குப்பியைத் திறந்து, ஏற்கெனவே உடை மாட்டி நிற்கும் குழு ஓடிவந்தால், அதில் சோதிக்கப்படுவது எதுவுமில்லை.

இரவு இரண்டு மணிக்கு, அலுவலர் விடுப்பில் இருக்கும்போது, ரயில்வே கேட் மூடியிருக்கும்போது நடத்திப் பாருங்கள். நண்பகலை ஒட்டிக் கடற்காற்று திரும்பும் வேளையில் நடத்தினால், காலையில் பாதுகாப்பாக இருந்த கட்டுப்பாட்டு மையம் வாயுவின் வழியில் வந்துவிடும். மையத்தை யார் எப்போது இடம் மாற்றுவது என்று அங்கே ஒருவருக்கும் தெரியாதது அப்போதுதான் வெளிப்படும். இறுதியில் குறைகளை எழுதாத ஒத்திகையை நான் ஒத்திகையாகவே எண்ணுவதில்லை.

அதே மாணவர்: எல்லோருக்கும் இவ்வளவு பயிற்சி தேவையா?

இல்லை. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதி படிநிலை வைத்திருக்கிறது: கண்டறிந்து, விலகி, தகவல் சொல்பவர், தூர நின்று பரவலைத் தடுப்பவர் (குறைந்தது 8 மணி நேரப் பயிற்சி), உள்ளே போய்க் கசிவை அடைப்பவர் (குறைந்தது 24 மணி நேரப் பயிற்சி). நமக்குக் கடைசி வகைக்கு அரக்கோணத்தில் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-ஆவது அணி இருக்கிறது; ஆனால் அவர்கள் வந்து சேர நேரம் பிடிக்கும். முதல் வகையினர்தான் ஆயிரக்கணக்கில் தேவை, அவர்களுக்குத்தான் நாம் குறைவாகச் செலவிடுகிறோம்.

இராயபுரத்திலிருந்து ஒரு செவிலியர்: இரசாயனம் பட்டவர்களை நேராக வார்டுக்குள் கொண்டுவந்துவிடுகிறார்கள். என்ன செய்யலாம்?

வாசலிலேயே நிறுத்துங்கள். உடைகளைக் களைந்து பைக்குள் கட்டுவதிலேயே மாசின் பெரும்பகுதி போய்விடும். பின் தாராளமான தண்ணீர், கண்ணில் பட்டிருந்தால் குறைந்தது 15 நிமிடம் விடாமல் கழுவுதல். பெண்களுக்கு மறைப்பு இல்லாவிட்டால் அவர்கள் உடையைக் களைய மாட்டார்கள், அதனால் இரண்டு திரைகளும் மாற்று நைட்டிகளும் வாசலுக்கு அருகே எப்போதும் இருக்கட்டும். கழுவுபவர்கள் கையுறையும் ஏப்ரனும் அணிந்திருக்க வேண்டும். மூச்சுத்திணறலோடு வருபவரை மட்டும் காத்திருக்க வைக்காதீர்கள். மேலுடையை வெட்டி எடுத்துக்கொண்டே ஆக்சிஜனைத் தொடங்குங்கள்.