மட்டம் பிடித்துச் செல்லும் நீர் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேல்ஸ் எல்லையிலுள்ள லாங்கோலென் கால்வாயில் ஒரு வாரம் படகில் சென்றதைப் பற்றி முன்பொரு கட்டுரையில் போகிறபோக்கில் குறிப்பிட்டிருந்தீர்கள். நான் மார்த்தாண்டத்தில் கூட்டுறவு வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன், வயது 64. மகளும் மருமகனும் மான்செஸ்டரில் இருக்கிறார்கள். வரும் மே மாதம் நாங்கள் அங்கே செல்லும்போது, எல்ஸ்மியர் பக்கமிருந்து நேரோபோட் எனப்படும் ஒடுக்கமான கால்வாய்ப் படகு ஒன்றை வாடகைக்கு எடுத்து, நால்வரும் லாங்கோலென் வரை போய்த் திரும்ப ஏற்பாடு செய்திருக்கிறார்கள். எனக்கு மலை ஏறுவதில் பித்து உண்டு. மருந்துவாழ்மலைக்கு ஆண்டுக்கு நான்கு முறையாவது ஏறிவிடுவேன். மனைவிக்கு முழங்கால் தேய்மானம். மாடிப்படி ஏறுவதே சிரமம். நடக்கும் வேகத்தில் ஊரும் படகில் ஏழு நாள் பொழுது எப்படிப் போகும்? மலைதான் வேண்டுமென்றால் காரில் நேராக ஸ்னோடன் மலைக்குப் போய்விடலாமே? படகையும் மலையையும் கலந்தால் இரண்டும் அரைகுறையாகிவிடாதா? கடைசியாக ஒன்று. அங்குள்ள தொட்டிப்பாலத்தின் மேல் படகு போகும்போது சுக்கானை நான் பிடிக்க ஆசைப்படுகிறேன். மருமகன் வேண்டாம் என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

தங்கள் வாசகன்,
ம.

அன்புள்ள ம. அவர்களுக்கு,

உங்கள் கேள்விகளில் மூன்றாவதுதான் மூலக்கேள்வி என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். படகு கொண்டுபோய் விடும், மலை ஏறி இறங்கியபின் மறுபடி படகில் ஏறிக்கொள்வோம் என்று நீங்கள் இரண்டையும் தனித்தனியாக எண்ணுகிறீர்கள். அப்படியானால் நீங்கள் சொல்வது சரி. கார் போதும், படகு வீண்செலவு. ஆனால் இந்தக் கால்வாயின் மேற்குப் பாதியில் படகு ஓட்டுவது என்பது மலைச்சரிவை ஒட்டி நடப்பதுதான். அதை அங்கே போய்ச் சேர்வதற்கு முன்பே கண்டுகொள்ள ஒரு வழி இருக்கிறது.

பிரிட்டனின் நிலஅளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே 1:25,000 அளவில் ஆரஞ்சு அட்டையுடன் வெளியிடும் வரைபடத்தை மகளிடம் சொல்லி வாங்கி வையுங்கள். அதில் ட்ரெவர் என்ற ஊரிலிருந்து லாங்கோலென் வரையுள்ள பகுதியை விரித்து விரலால் தொடர்ந்து செல்லுங்கள். மலையின் உயரத்தைக் காட்டும் பழுப்புக் கோடுகளை ஓடைகள் எல்லாம் குறுக்கே வெட்டிக்கொண்டு இறங்கும். கால்வாயின் நீலக்கோடு மட்டும் பழுப்புக் கோடு ஒன்றுக்கு இணையாக, அது மடங்கும் இடத்தில் மடங்கி, நிமிரும் இடத்தில் நிமிர்ந்து போய்க்கொண்டே இருக்கும். மட்டம் மாறினால் அங்கே ஒரு லாக், அதாவது நீரை நிரப்பியோ வடித்தோ படகை ஏற்றி இறக்கும் கதவு வைத்த தொட்டி, கட்டவேண்டும்; லாக் கட்டினால் செலவு, காத்திருக்கும் நேரம், ஒவ்வொரு படகுக்கும் ஒரு தொட்டித் தண்ணீர் நட்டம். எனவே கால்வாயை வெட்டியவர்கள் முதலில் அந்தச் சரிவில் நடந்து மட்டம் பார்த்தார்கள். வில்லியம் ஜெசப், தாமஸ் டெல்ஃபோர்டு ஆகிய இரு பொறியாளர்களின் பொறுப்பில் அமைந்த கால்வாய் இது. படகில் போகும் உங்களுக்குக் காரணமற்றதாகத் தோன்றும் வளைவு ஒவ்வொன்றுக்கும் காரணம் மேலே இருக்கிறது. ஏறிப் பார்த்தால்தான் தெரியும்.

இந்தக் கால்வாயின் கதையும் சற்று விசித்திரமானது. மெர்சி, டீ, செவர்ன் என்ற மூன்று ஆறுகளை இணைக்கும் சரக்குப் பாதையாகத்தான் 1790களில் இதைத் திட்டமிட்டார்கள். நிலக்கரியும் சுண்ணாம்புக்கல்லும் இரும்பும் மலையோரத்தில் கிடைத்ததால் பாதை மலையோரமாக வந்தது. டீ ஆற்றுப் பள்ளத்தாக்கைத் தாண்டப் பெரும்பாலம் ஒன்றையும் கட்டி முடித்தார்கள். ஆனால் அதற்கு வடக்கே செஸ்டர் வரை போகவேண்டிய முதன்மைப் பாதை கைவிடப்பட்டது. பாலத்தைத் தாண்டியதும் ட்ரெவரில் கால்வாய் நின்றுபோயிற்று. அங்கிருந்து லாங்கோலென் பக்கம் நீளும் கிளை, டீ ஆற்றிலிருந்து கால்வாய்க்குத் தண்ணீர் கொண்டுவருவதற்காக வெட்டிய வாய்க்கால்தான். 1944இல் நாடாளுமன்றச் சட்டம் ஒன்றின்வழி இதில் படகுப் போக்குவரத்தே கைவிடப்பட்டது. தூர்ந்து போகாமல் பிழைத்ததற்குக் காரணம் தண்ணீர். டீ ஆற்று நீரைக் குடிநீருக்கான ஹர்ல்ஸ்டன் நீர்த்தேக்கத்துக்குக் கொண்டு சேர்க்கும் வேலையை இது இன்றும் செய்கிறது. வாய்க்கால் என்றாலே பாசனம் என்று வளர்ந்த நமக்கு, சரக்குக்காக வெட்டிக் குடிநீரால் பிழைத்து உல்லாசப் படகுகளால் புகழ்பெற்ற ஒன்றைப் பார்ப்பது புதிது.

இதனால் நடைமுறையில் ஒரு விளைவு உண்டு. மற்ற கால்வாய்களில் நீர் குளம்போல நிற்கும், இதில் ஓடும். லாங்கோலென் நோக்கிப் போகும்போது எதிர்நீச்சல். மணிக்கு 4 மைல் என்பது சட்டம் அனுமதிக்கும் உச்ச வேகம்; நீங்கள் அதைத் தொடமாட்டீர்கள், கரையில் கட்டியிருக்கும் படகுகளைக் கடக்கும்போது அதில் பாதிகூட இருக்காது. நீங்கள் குறையாகச் சொன்ன இந்த வேகம்தான் உங்களுக்குக் கிடைக்கப்போகும் சலுகை என்பேன். கால்வாயை ஒட்டியே, முன்பு குதிரைகள் படகை இழுத்துச் சென்ற பாதை வருகிறது. பாலத்தின் அடியில் கால்வாய் ஒடுங்குமிடத்தில் வேகத்தைக் குறைத்தால் ஒருவர் கரைக்கு இறங்கிக்கொள்ளலாம். அடுத்த பாலத்தில் ஏறிக்கொள்ளலாம். நான் போனபோது பெரும்பாலான முற்பகல்களில் படகுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தேன். பின்னால் எஞ்சின் சத்தம் கேட்கும், ஒரு வளைவில் கேட்காமல் போகும், நான் ஒரு வேலிப்படியில் அமர்ந்து மூச்சு வாங்குவதற்குள் படகின் மூக்கு தெரியும்.

லாக்கைப் பற்றி அச்சம் வேண்டாம். எல்ஸ்மியருக்கும் லாங்கோலெனுக்கும் இடையே இருப்பவை நியூ மார்ட்டனிலுள்ள இரண்டே லாக்குகள். அதற்கு அப்பால் ஒன்றும் கிடையாது. வளைந்த இரும்புச் சாவி ஒன்றை உங்களிடம் கொடுப்பார்கள். விண்ட்லாஸ் என்று பெயர். அதைத் தண்டில் மாட்டிச் சுற்றினால், நம் ஏரி மதகின் ஷட்டர் எழுவதைப்போல ஒரு பலகை எழும், தொட்டியில் நீர் நிரம்பும். இருபுறமும் நீர்மட்டம் சமமாகும்வரை கதவு அசையாது. சமமானதும், கதவிலிருந்து நீண்டிருக்கும் பெரிய மரத்தண்டில் முதுகைச் சாய்த்துத் தள்ளினால் மெல்லத் திறக்கும். கையால் தள்ளினால் தோள்தான் வலிக்கும். சாவியைத் தண்டிலேயே விட்டுவிட்டுக் கையை எடுக்காதீர்கள். பல்சக்கரத்தின் பிடி நழுவினால் அது சுழன்று முகத்தில் அடிக்கும். திரும்பி வரும்போது, கீழிறங்கும் லாக்கில், படகின் பின்பகுதி மேல்கதவுக்கு அடியிலுள்ள கல்திண்டில் மாட்டாதபடி படகைச் சற்று முன்னால் நிறுத்துங்கள். இந்த இரண்டும் விளையாட்டல்ல.

நான் செய்த பிழையையும் சொல்லிவிடுகிறேன். ஏரிக்குக் கலிங்கு இருப்பதுபோல ஒவ்வொரு லாக்குக்கும் பக்கத்தில் மிகைநீர் வழிந்தோட ஒரு வாய் உண்டு. இந்தக் கால்வாயில் நீர் ஓடிக்கொண்டே இருப்பதால் அந்த வாயிலிருந்து வருவது அருவிபோல வரும். நியூ மார்ட்டனில் நான் அதைக் கவனிக்காமல் மெதுவாக நுழையப்போக, படகின் முன்பகுதி பக்கவாட்டில் அடித்துச் செல்லப்பட்டு எதிர்க்கரைப் புதரில் செருகிக்கொண்டது. அதை விடுவிக்கும் பரபரப்பில், மரத்தண்டின் மேல் வைத்திருந்த சாவி நழுவித் தண்ணீருக்குள் போயிற்று. எதிரே இறங்கி வந்த படகிலிருந்த முதிய பெண்மணி ஒருவர் சிரிக்காமல் தம் சாவியைக் கொடுத்து, “அடியில் ஒரு பெட்டி நிறையக் கிடக்கும்” என்றார். கிளம்பும்போதே இரண்டாவது சாவி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சர்க் என்ற ஊரை நெருங்கும்போது நிலம் மாறும். அதுவரை புல்வெளியாக இருந்தது பள்ளத்தாக்காகி, 1801இல் கட்டப்பட்ட 70 அடி உயரக் கற்பாலத்தின் மேல் நீங்கள் கெய்ரியோக் ஆற்றைக் கடப்பீர்கள். அதைவிட உயரமான ரயில் பாலம் ஒன்று ஒட்டினாற்போல் நிற்கும். ஆற்றுக்கு இந்தப் பக்கம் இங்கிலாந்து, அந்தப் பக்கம் வேல்ஸ். பாலம் முடிந்ததும் 421 மீட்டர் சுரங்கம். உள்ளே எதிர்ப்படகின் விளக்கு தெரிந்தால் காத்திருங்கள், இரண்டு படகுகளுக்கு இடமில்லை. நடைபாதை உள்ளேயும் தொடர்வதால், கையில் டார்ச்சுடன் உங்கள் துணைவியார் அதில் நடந்தே வரலாம்.

அடுத்தது நீங்கள் ஆசைப்படும் தொட்டிப்பாலம், பொன்ட்கசல்தே. அந்தப் பெயரில் ll என்று எழுதப்படும் வேல்ஸ் மொழியின் இரட்டை லகரம் எனக்குக் கடைசிவரை வாயில் வரவில்லை. பிறர் நம் ழகரத்தோடு படும் பாட்டைக் கண்டு மகிழ்ந்ததற்குத் தண்டனை என்று எடுத்துக்கொண்டேன். உங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள மாத்தூர் தொட்டிப்பாலம் 115 அடி உயரம். 1966இல் பாசனத்துக்காகப் பறளியாற்றின் மேல் கட்டியது. இது 126 அடி. 1805இல் படகுக்காகக் கட்டியது. 18 கல்தூண்கள், அவற்றின் மேல் 307 மீட்டர் நீளத்துக்கு வார்ப்பிரும்புத் தொட்டி. இரும்புத் துண்டுகளின் இணைப்புகளை அடைக்க, சர்க்கரைப்பாகில் வேகவைத்த ஃபிளானல் துணியைப் பயன்படுத்தினார்கள். உலகப் பாரம்பரியச் சின்னமாக 2009இல் அறிவிக்கப்பட்டது. நான் வியந்தது இன்னொன்று. நடைபாதையைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைக்காமல், தண்ணீருக்கு மேலேயே ஒரு தட்டாக அமைத்திருக்கிறார்கள். படகு முன்னே போகும்போது ஒதுங்கும் நீர் அந்தத் தட்டின் அடியில் புகுந்து பின்னால் வரவேண்டும் என்பதற்காக. நடைபாதைப் பக்கம் கம்பிவேலி உண்டு. மறுபக்கம் எதுவுமில்லை, தொட்டியின் விளிம்பு, அதற்கப்பால் காற்று, மிகக் கீழே டீ ஆறு.

ட்ரெவரிலிருந்து லாங்கோலென் வரையுள்ள கடைசிப் பகுதியில் கால்வாய் மலைச்சரிவில் தொற்றிக்கொண்டு போகிறது. சில இடங்களில் ஒரு படகுக்கு மட்டுமே அகலம் என்பதால், ஒருவர் முன்னே நடந்துபோய் எதிரே படகு வரவில்லை என்று பார்த்துச் சொல்லவேண்டும். அந்த வேலை உங்களுக்கு. 1945 செப்டம்பர் 7 அன்று இதே பகுதியில் கரை உடைந்து, கீழே சென்ற ரயில் பாதையை நீர் அரித்துவிட, அதிகாலையில் வந்த ரயில் பள்ளத்தில் விழுந்து ஒருவர் இறந்தார்.

லாங்கோலெனில் படகைக் கட்டிவிட்டு இரண்டு இரவுகள் தங்குங்கள். ஊருக்கு மேலே கூம்பாக நிற்கும் குன்றின் உச்சியில் டினாஸ் பிரான் என்ற இடிந்த கோட்டை தெரியும். பிரான் என்றால் காகம். 1260களில் வட பவிஸ் என்ற வேல்ஸ் சிற்றரசை ஆண்ட கிரிஃபித் அப் மாடோக் கட்டியது. 1277இல் ஆங்கிலேயப் படை வந்தபோது உள்ளே இருந்தவர்களே தீ வைத்துவிட்டுப் போனார்கள். உயரம் ஏறத்தாழ 320 மீட்டர்தான். மருந்துவாழ்மலை ஏறுபவருக்கு ஒரு மணி நேர வேலை. ஆனால் கடைசிப் பகுதி செங்குத்தான புல்சரிவு, மழை பெய்திருந்தால் வழுக்கும். உச்சியில் காற்று ஆளைத் தள்ளும். வடக்கே எக்ளூசெக் சுண்ணாம்புப் பாறைகள் வரிசை வரிசையாகத் தட்டடுக்கி நிற்பதை எல்லாரும் படமெடுப்பார்கள். நீங்கள் அதற்குப்பின் தெற்கே திரும்பிக் கீழே பாருங்கள். ஆறு நுரையோடு வளைந்து இறங்கும். அதற்குச் சற்று மேலே, மரங்களுக்கிடையே, மட்டப்பலகை வைத்துக் கோடிழுத்ததுபோல் கால்வாய் தெரியும். முந்தின நாள் நீங்கள் திட்டிக்கொண்டே திருப்பிய வளைவுகளை அங்கிருந்து எண்ணலாம்.

அந்த நேரத்தில் துணைவியார் காத்திருக்கத் தேவையில்லை. லாங்கோலெனுக்கு அப்பால் எஞ்சின் படகுகளுக்கு அனுமதியில்லாத ஒரு பகுதி இருக்கிறது. அங்கே குதிரை இழுக்கும் படகு ஓடுகிறது. நடக்க முடிந்தால் இன்னும் நல்லது. ஏற்றமே இல்லாத பாதை, டெல்ஃபோர்டு 1808இல் குதிரைலாட வடிவில் கட்டிய 460 அடி நீள அணைக்கட்டில் போய் முடியும். டீ ஆற்றுநீர் கால்வாய்க்குள் திரும்புவது அங்கேதான். முழங்கால் தேய்ந்தவருக்கு நானறிந்த மலைநாட்டு நடைகளில் இதைவிட ஏற்றது வேறில்லை; சுற்றிலும் மலை, காலடியில் மட்டம். கணவனும் மனைவியும் ஒரே பள்ளத்தாக்கில் ஒரே காலையில் ஆளுக்கொரு உயரத்தில் நடந்துவிட்டு மதியச் சோற்றுக்குப் படகில் சேரலாம். ஸ்னோடனில் இது நடக்காது. 1,085 மீட்டர் மலைக்கு நீங்கள் போய்வரும்வரை அவர் வாகன நிறுத்துமிடத்தில் இருப்பார், அல்லது உச்சி ரயிலுக்குச் சீட்டு கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருப்பார். அந்த மலை வேண்டுமென்றால் இன்னொரு பயணத்தில் தனியாகப் போய்வாருங்கள். அதை இந்த வாரத்துக்குள் திணிக்காதீர்கள்.

இன்னும் உயரமான மலைகள் படகுப் பாதையருகே வேண்டுமென்பவர்கள் ஸ்காட்லாந்தின் கேலடோனியன் கால்வாய்க்குப் போகிறார்கள். 1,345 மீட்டர் உயர பென் நெவிஸ் அதன் தலைமாட்டில் நிற்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி ஏரிகள். கடல்போல அலையடிக்கும், கரையில் இறங்கி நடந்து அடுத்த பாலத்தில் ஏறும் கதையெல்லாம் இல்லை. உங்களுக்கு லாங்கோலென்தான்.

சுக்கான் விஷயத்தில் நான் உங்கள் பக்கம். தொட்டிப்பாலம் ஓட்டுவதற்குக் கடினமான இடமே அல்ல. படகின் அகலம் ஏழடிக்கும் சற்றுக் குறைவு, தொட்டியே இருபுறமும் பிடித்துக்கொள்ளும். மருமகனுக்குப் பயம் உயரத்தைப் பற்றியதாக இருக்கும், உங்கள் கையைப் பற்றியதாக இராது. சுக்கான் தண்டை நீங்கள் எந்தப் பக்கம் தள்ளுகிறீர்களோ அதற்கு எதிர்ப்பக்கம் படகு திரும்பும். இது கைக்குப் பழக இரண்டு நாள் ஆகும், நீங்கள் பாலத்தை அடைவதற்குள் பழகிவிடும். போகும்போது நீங்கள் பிடியுங்கள். திரும்பி வரும்போது மருமகனிடம் கொடுத்துவிட்டு, துணைவியாரோடு நடைபாதையில் இறங்கி, படகுக்குப் பக்கத்திலேயே நடந்து வாருங்கள். அவருக்கு மூச்சு வாங்கினால் படகைச் சற்று நிற்கச் சொல்லலாம். பின்னால் வருபவர்கள் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.