கை ஊன்றாமல் எழுந்திருக்க – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

உங்கள் எழுத்தைச் சில வருடங்களாக வாசிக்கிறேன். இப்போதுதான் எழுதத் துணிவு வந்தது. எனக்கு வயது 49. திண்டுக்கல் பக்கம் ஒரு பள்ளியில் அலுவலக வேலை. போன ஐப்பசியில் அம்மா (76) குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் செய்து பிளேட் வைத்திருக்கிறார்கள். வாக்கர் பிடித்து நடக்கிறார். ஆனால் கட்டிலை விட்டு எழ ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான்தான்.

அம்மாவைத் தூக்கிவிடும்போதெல்லாம் நாளைக்கு எனக்கும் இதே கதிதானா என்று பயம் வருகிறது. மாதவிலக்கு நின்று இரண்டு வருடம் ஆகிறது. சர்க்கரை பார்டரில் இருக்கிறது, மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றார் டாக்டர். நான் போகவில்லை. இரண்டு தடவை வாக்கிங் தொடங்கினேன், ஒரு தடவை யோகா வகுப்புக்குப் பணம் கட்டினேன். எதுவும் மூன்று வாரம் தாண்டவில்லை. காலை ஐந்து மணியிலிருந்து இரவு பத்து மணிவரை நின்றுகொண்டேதான் இருக்கிறேன். அதுவே உடற்பயிற்சிதானே என்கிறார் வீட்டுக்காரர். இந்த வயதில் ஆரம்பித்து என்ன ஆகப்போகிறது என்றும் தோன்றுகிறது. என்னால் செய்ய முடிகிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

இந்த வாரமே அந்தச் சர்க்கரைப் பரிசோதனைக்குப் போய்விடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். நான் மருத்துவர் அல்ல. வீட்டில் வயதானவர்களைப் பார்த்துக்கொண்டவள், இந்த விஷயத்தை விடாமல் வாசிப்பவள், அவ்வளவுதான். அதனால் உங்கள் உடம்பைப் பற்றிய முடிவை உங்கள் டாக்டரிடம் கேட்டே எடுங்கள்.

பார்டர் என்ற சொல்லை நாம் லேசாக எடுத்துக்கொள்கிறோம். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் செய்த ஓர் ஆய்வு 2006இல் வெளியானது. பார்டர் நிலையில் இருந்த 531 பேரைச் சேர்த்துக்கொண்டார்கள். சராசரி வயது 46, கிட்டத்தட்ட உங்கள் வயது. வழக்கம்போல விடப்பட்டவர்களில் மூன்று வருடத்தில் 100க்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. நடைக்கும் சாப்பாட்டு மாற்றத்துக்கும் ஆலோசனை பெற்றவர்களில் அது 39ஆகக் குறைந்தது. மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கும் ஏறக்குறைய இதே பலன்தான். அப்படி என்ன செய்யச் சொன்னார்கள்? தினமும் அரை மணி நேரம் வேகமாக நடப்பது, சர்க்கரையையும் மைதா போன்ற தீட்டிய மாவுப்பொருளையும் எண்ணெயையும் குறைப்பது, நார்ச்சத்தைக் கூட்டுவது. யாரையும் ஜிம்முக்கு அனுப்பவில்லை. நம் ஊரில், நம் சாப்பாடு சாப்பிடுகிறவர்களிடம் கிடைத்த முடிவு இது. அதனால்தான் அந்த மூன்று மாதக் கெடுவைத் தள்ளிப்போடாதீர்கள் என்கிறேன்.

இந்த வயதில் என்ன ஆகப்போகிறது என்கிறீர்கள். 1990இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்த பத்துப் பேருக்கு எட்டு வாரம் தொடைத் தசைக்கு எடைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். எல்லோரும் 90 வயதை ஒட்டியவர்கள். பயிற்சியை முடித்த ஒன்பது பேரின் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. இரண்டு பேர் கைத்தடி இல்லாமல் நடந்தார்கள். நாற்காலியின் கைப்பிடியை ஊன்றாமல் எழ முடியாமல் இருந்த மூவரில் ஒருவர் எழுந்துவிட்டார். 90 வயதுத் தசையே சொன்னபடி கேட்கிறது. உங்களுக்கு 49.

அம்மா ஏன் விழுந்தார் என்று யோசித்தால் ஈரத் தரையும் டைல்ஸும்தான் முதலில் நினைவுக்கு வரும். அவை காரணம்தான். ஆனால் ஈரத்தில் கால் வழுக்குவது உங்களுக்கும் எனக்கும் நடக்கிறது. நாம் சட்டென்று ஒரு அடி வைத்துச் சமாளித்துவிடுகிறோம். அந்த ஒரு அடியை வைக்கத் தொடையிலும் கெண்டைக்காலிலும் பலம் வேண்டும், உடனே வேண்டும். முப்பது வயதுக்குப் பிறகு பத்து வருடத்துக்கு 3 முதல் 8 சதவீதம்வரை தசை குறைகிறது, அறுபதைத் தாண்டினால் இன்னும் வேகமாக. இதில் வலி கிடையாது, அதனால் யாருக்கும் தெரிவதில்லை. பெண்களுக்கு மாதவிலக்கு நின்ற பிறகு வரும் சில வருடங்களில் எலும்பும் வேகமாகத் தேய்கிறது. நீங்கள் இப்போது அந்த வருடங்களில் இருக்கிறீர்கள்.

நாள் முழுக்க நிற்பதே உடற்பயிற்சி என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்வதை நான் ஒப்பமாட்டேன். நின்றால் அலுப்பு வரும், கால் வீங்கும். பழகிய பாரத்தைவிடக் கொஞ்சம் அதிகம் கொடுத்தால்தான் தசை வலுவாகும். கிரைண்டரும் மிக்ஸியும் குழாயும் வந்தபின் நம் சமையலறையில் நிற்பதுதான் வேலை, உட்கார்ந்து எழுவது இல்லை. சாப்பாடு மேஜைக்கு வந்துவிட்டது, கழிப்பறையும் மேற்கத்திய முறைக்கு மாறிவிட்டது. தரையில் உட்கார்ந்து எழும் சந்தர்ப்பமே பலருக்கு இல்லை. (அந்தக் கால அம்மியையும் ஆட்டுக்கல்லையும் நான் புகழவில்லை. அரைவயிற்றோடு அவற்றில் உழைத்த பெண்களின் உடம்பு என்ன பாடுபட்டது என்று நமக்குத் தெரியும்.)

வாக்கிங் நல்லது, இதயத்துக்கும் சர்க்கரைக்கும் மனசுக்கும். ஆனால் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு நம் ஊரில் வாக்கிங் போங்கள் என்பதோடு அறிவுரை முடிந்துவிடுகிறது. எனக்கு அதில்தான் வருத்தம். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிட நடை போன்ற பயிற்சியைச் சொல்லும் அதே இடத்தில், வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. இரண்டாவது பாதி யார் காதிலும் விழுவதில்லை. பத்தாயிரம் அடி நடக்கவில்லையே என்ற குற்ற உணர்ச்சி இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். அந்த எண் 1960களில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி அளக்கும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. அமெரிக்காவில் சராசரி 72 வயதுள்ள பெண்கள் 16,741 பேரைக் கவனித்து 2019இல் வெளியான ஆய்வில், நாளுக்கு 4,400 அடி நடந்தவர்களிடமே இறப்பு விகிதம் நன்றாகக் குறைந்திருந்தது. 7,500க்கு மேல் கூடுதல் பலன் பெரிதாக இல்லை.

சரி, என்ன செய்யலாம்? கைப்பிடி இல்லாத, உறுதியான நாற்காலி ஒன்றைச் சமையலறைச் சுவரை ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், வழுக்கும். முன்விளிம்புக்கு நகர்ந்து உட்காருங்கள். பாதம் முழுதும் தரையில் பதியட்டும், குதிகால் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்கட்டும். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, முன்னால் சாய்ந்து, மூச்சை விட்டபடி எழுங்கள். உட்காரும்போதுதான் கவனம் வேண்டும். பொத்தென்று விழாமல், மனசுக்குள் மூன்று எண்ணிக்கொண்டே இறங்குங்கள். இறங்கும்போது தொடை நடுங்கினால் தசை வேலை செய்கிறது என்று அர்த்தம். ஐந்து தடவை போதும். சுலபமாகிவிட்டால் எட்டு, அப்புறம் பத்து. அதுவும் சுலபமானால் கையில் இரண்டு கிலோ அரிசிப் பையை அணைத்துக்கொண்டு எழுங்கள். மூட்டு வலிக்கிறது என்றால் நாற்காலியில் தலையணை வைத்து உயரத்தைக் கூட்டுங்கள். முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்கும் தொடையைப் பலப்படுத்துவது முதல் சிகிச்சைகளில் ஒன்று. வலி கூடினால் நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள்.

இதை எப்போது செய்வது என்பதற்கு ஒரே பதில்தான் தருவேன். தனி நேரம் ஒதுக்காதீர்கள். உங்கள் வாக்கிங்கும் யோகாவும் நின்றுபோனதற்கு உங்கள் சோம்பல் காரணமல்ல. இல்லாத ஒரு மணி நேரத்தை அவை கேட்டன. குக்கர் வைத்துவிட்டு விசிலுக்குக் காத்திருக்கும்போது நாற்காலிப் பயிற்சி. பால் காயும்வரை மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது, பிறகு ஒரு காலில் பத்து நொடி நிற்பது. தலைசுற்றல் இருந்தால் ஒற்றைக்கால் வேண்டாம். மதியச் சாப்பாடு முடிந்ததும் பள்ளி வராந்தாவில் பத்து நிமிடம் நடந்தால் ஏறும் சர்க்கரையும் கொஞ்சம் அடங்கும். ராத்திரி காய் நறுக்குவதையோ துணி மடிப்பதையோ தரையில் உட்கார்ந்து செய்யலாம்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்து, ஒரு புதுப் பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார்கள். ஒருவருக்கு 18 நாள், இன்னொருவருக்கு 254 நாள் என்று கணக்கு வந்தது. நடுவில் நிற்கும் எண் 66. நீங்கள் மூன்று வாரத்தில் கைவிட்டீர்கள், பலருக்கு அது பாதி தூரம்கூட இல்லை. அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த செய்தி வேறொன்று. இடையில் ஒரு நாள் விட்டுப்போவதால் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை. தீபாவளி வரும், உறவில் சாவு விழும், அம்மாவுக்குக் காய்ச்சல் வரும். விட்டால் விட்டதுதான், மறுநாள் குக்கர் வைக்கும்போது தொடருங்கள்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் என்ன மிஞ்சுகிறது என்று உங்கள் தட்டைப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் சாதமும் குழம்பின் தெளிவும்தான் மிஞ்சும். முட்டையும் பருப்பும் மீனும் பிள்ளைகளுக்குப் போயிருக்கும். எடைப் பயிற்சி செய்துவிட்டுப் புரதம் சாப்பிடாவிட்டால் தசை எதைக் கொண்டு வளரும்? ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனக் கணக்குப்படி 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்குச் சுமார் 50 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு கைப்பிடிக் கடலையில் 7 கிராம், ஒரு சின்னக் கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 6, 7 கிராம் கிடைக்கும். பவுடர் டப்பா எதுவும் தேவையில்லை. உங்கள் பங்கு சுண்டலையும் முட்டையையும் பரிமாறுவதற்கு முன்பே தனியாக எடுத்து வையுங்கள். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

உங்கள் வீட்டுக்காரருக்கும் ஒரு வார்த்தை, இதைக் காட்டினாலும் சரி. காலையில் அம்மாவை எழுப்பி உட்காரவைப்பதையும் இரவில் பாத்திரம் தேய்ப்பதையும் அவர் ஏற்றுக்கொண்டால் உங்களுக்கு நாளுக்கு அரை மணி நேரம் கிடைக்கும், சென்னை ஆய்வில் சொன்ன அதே அரை மணி நேரம். நடுவயதுப் பெண்களுக்குச் சுய ஒழுக்கம் போதவில்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. பதினேழு மணி நேரம் நிற்கிற ஒருத்திக்கு இன்னும் என்ன ஒழுக்கம் வேண்டும்?

கடைசியாக, அம்மாவின் விஷயம். கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள், அவர் தோளும் போகும், உங்கள் முதுகும் போகும். கட்டில் தாழ்வாக இருந்தால் கால்களுக்கு அடியில் அசையாத மரக்கட்டை கொடுத்து உயர்த்துங்கள். உட்கார்ந்தால் பாதம் தரையில் பதிந்து, இடுப்பு முழங்காலைவிடச் சற்று மேலே இருக்க வேண்டும். விளிம்புக்கு நகர்ந்து, பாதத்தைப் பின்னால் இழுத்து, முன்சாய்ந்து, இரு கைகளாலும் மெத்தையை அழுத்தி எழச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்று இடுப்பைத் தாங்கினால் போதும். ஆபரேஷன் செய்த டாக்டரும் பிசியோதெரபிஸ்ட்டும் சரி என்றால், நாற்காலிப் பயிற்சியை அவரும் கைப்பிடியுள்ள நாற்காலியில் உங்களோடு சேர்ந்து செய்யலாம். குளியலறையில் கைப்பிடிக் கம்பி மாட்டும்போது பிளம்பர் கைக்குத் தோன்றிய உயரத்தில் அடிக்க விடாதீர்கள். அம்மாவை உள்ளே உட்காரவைத்து, கை எங்கே போகிறது என்று பார்த்துச் சுவரில் பென்சிலால் குறித்துக்கொண்டு அங்கே மாட்டச் சொல்லுங்கள். டவல் கம்பியைப் பிடித்து எழும் பழக்கம் இருந்தால் அதை உடனே கழற்றிவிடுங்கள். அது ஆள் பாரத்தைத் தாங்காது.

அன்புடன்,
அக்கா