வாசகர் கேள்வி பதில்: பயிற்சி நூலில் சரி, மின்னஞ்சலில் பிழை

கேள்வி: நான் தமிழ்ப்பள்ளியில் படித்து, புகுமுக வகுப்பு வழியாக இடைநிலைப்பள்ளிக்குச் சென்றவள். இப்போது ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் வேலை செய்துகொண்டே மூவெட் என்ற மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வுக்குத் தயாராகிறேன். தடிமனான ஆங்கில இலக்கணப் பயிற்சி நூல் ஒன்றை முழுவதும் செய்து முடித்துவிட்டேன். விடைகள் பெரும்பாலும் சரியாகவே இருந்தன. ஆனால் வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் எழுதினால், மேலாளர் திருத்தித் திருப்பி அனுப்புகிறார். சென்ற வாரம் நான் எழுதிய வரி இது: "வீ ஹேவ் ரிசீவ்ட் த பேமென்ட் யெஸ்டர்டே அண்ட் வீ வில் டிஸ்கஸ் அபவுட் த பேலன்ஸ்." இன்னொரு பயிற்சி நூல் வாங்க வேண்டுமா?
(வாசகி, செந்தூல், கோலாலம்பூர்)

பதில்: வேண்டாம், சகோதரி. உங்களிடம் இருக்கும் நூலே போதும். குறை வேறு இடத்தில் இருக்கிறது. பயிற்சி நூலில் அத்தியாயத்தின் தலைப்பே எந்த விதியைப் பயன்படுத்த வேண்டும் என்று சொல்லிவிடுகிறது. கோடிட்ட இடம் எங்கே கவனிக்க வேண்டும் என்று காட்டிவிடுகிறது. நீங்கள் செய்வதெல்லாம் இரண்டு மூன்று விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான். மின்னஞ்சலில் அந்தக் கோட்டை யாரும் போட்டுத் தருவதில்லை. சரியானதைப் பார்த்து அடையாளம் காண்பது ஒரு திறன், ஒன்றுமில்லாத தாளில் அதை நாமே உருவாக்குவது இன்னொரு திறன். முதலாவதை எவ்வளவு பழகினாலும் இரண்டாவது தானாக வந்துவிடாது. மூவெட் தேர்வும் இதை அறிந்தே அமைக்கப்பட்டிருக்கிறது: கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் ஆகிய நான்குக்கும் சம பங்கு; இலக்கணத்துக்கென்று தனித்தாள் கிடையாது. எழுத்துத் தாளில் 75 நிமிடத்துக்குள், குறைந்தது 100 சொற்களில் ஒரு கடிதமோ மின்னஞ்சலோ, குறைந்தது 250 சொற்களில் ஒரு கட்டுரை என இரண்டையும் எழுத வேண்டும்.

இப்போது உங்கள் வரிக்கு வருவோம். அலுவலகத்தில் இன்று வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்துவிட்டு, "நேற்றே பணம் வந்திருக்கிறது" என்று நாம் சொல்வோம். தமிழில் அது குற்றமில்லை. 'நேற்று' என்ற சொல்லும் 'வந்திருக்கிறது' என்ற வினையும் தமிழில் ஒன்றாக அமரும். ஆங்கிலத்தில் 'ஹேவ் ரிசீவ்ட்' என்ற வடிவம் இந்த நொடியோடு கட்டப்பட்டது. 'யெஸ்டர்டே' போல முடிந்துபோன காலத்தை அது பக்கத்தில் சேர்க்காது. ஆகவே ஒன்று, 'வீ ரிசீவ்ட் த பேமென்ட் யெஸ்டர்டே' என்று எழுத வேண்டும். அல்லது 'யெஸ்டர்டே'யை எடுத்துவிட்டு 'வீ ஹேவ் ரிசீவ்ட் த பேமென்ட்' என்று நிறுத்த வேண்டும். இரண்டில் எது நல்லது என்பது நீங்கள் சொல்ல வரும் செய்தியைப் பொறுத்தது. தாமதக் கட்டணம் உண்டா இல்லையா என்ற பேச்சு நடந்துகொண்டிருந்தால் தேதி முக்கியம், முதலாவதை எழுதுங்கள். பணம் கைக்கு வந்துவிட்டது, கவலை வேண்டாம் என்று தெரிவிப்பதே நோக்கமென்றால் இரண்டாவது போதும். உயர்நிலை இலக்கணம் என்று நான் கருதுவது, இரண்டில் ஏற்றதைத் தேர்ந்தெடுக்கும் இந்தத் திறனைத்தான்.

'டிஸ்கஸ் அபவுட்' பிழை நம் 'பற்றி'யிலிருந்து வருகிறது. "நிலுவையைப் பற்றி விவாதிப்போம்" என்ற வாக்கியத்தை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறீர்கள். 'டிஸ்கஸ்' என்ற வினைக்குள்ளேயே 'பற்றி' அடங்கிவிட்டது. 'டிஸ்கஷன்' என்று பெயர்ச்சொல்லாக மாற்றும்போதுதான் 'அபவுட்' வரலாம்.

எப்படிப் பழகுவது என்பதற்கு ஒரு பழைய முறையைச் சொல்கிறேன். பதினாறாம் நூற்றாண்டில், பின்னாளில் இங்கிலாந்தின் அரசியான முதலாம் எலிசபெத்துக்கு ஆசிரியராக இருந்த ரோஜர் ஆஸ்கம், லத்தீன் கற்பிக்க இரட்டை மொழிபெயர்ப்பைப் பரிந்துரைத்தார். அதை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஆங்கில நாளிதழின் தலையங்கத்திலிருந்து எண்பது சொல் அளவில் ஒரு பத்தியை எடுத்து, நல்ல தமிழில் எழுதுங்கள். மூலத்தை மூடி வைத்துவிடுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்து, தமிழை மட்டும் பார்த்து மறுபடி ஆங்கிலத்தில் எழுதி, மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள்.

கோலாலம்பூரின் திடீர் வெள்ளத்தைப் பற்றிய பத்தி என்று வைத்துக்கொள்வோம். அதில், "ஹேட் த டிரெயின்ஸ் பீன் கிளீன்ட் எர்லியர், த வாட்டர் வுட் நாட் ஹேவ் என்டர்ட் த ஹவுசஸ்" என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. "வடிகால்களை முன்னரே சுத்தம் செய்திருந்தால், வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்திருக்காது" என்று தமிழில் எழுதுகிறீர்கள். மூன்று நாள் கழித்து உங்கள் கையிலிருந்து, "இஃப் த டிரெயின்ஸ் வேர் கிளீன்ட் எர்லியர், த வாட்டர் வில் நாட் என்டர் த ஹவுசஸ்" என்று வரக்கூடும். இப்போது உங்கள் தமிழ் வரியைப் பாருங்கள். 'செய்திருந்தால்' என்பதிலும் 'புகுந்திருக்காது' என்பதிலும் ஒரு 'இரு' ஒளிந்திருக்கிறது. ஆங்கிலமும் அதே இரண்டு இடங்களில் 'ஹேட்', 'வுட் ஹேவ்' என்று கேட்கிறது. நடக்காமல் போனதைப் பற்றிப் பேசும் இந்த நுட்பம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதை ஆங்கிலத்தில் எங்கே வைப்பது என்பதே பழக வேண்டியது. 'இஃப்' இல்லாமல் 'ஹேட்'டை முன்னால் கொண்டுவந்திருக்கும் அழகு அடுத்த படி. அதைக் குறித்து வைத்து, ஒரு வாரத்துக்குள் உங்கள் சொந்தக் கட்டுரையில் ஒருமுறை பயன்படுத்துங்கள். வாரத்துக்கு இரண்டு பத்தி போதும்.

கேள்வி: என் மகன் ஆங்கிலத்தில் உயர்ந்த தேர்ச்சி பெற வேண்டுமானால் ஆங்கிலத்திலேயே சிந்திக்க வேண்டும், வீட்டில் தமிழை நிறுத்துங்கள் என்று தனிவகுப்பு ஆசிரியர் சொல்கிறார். தமிழ் உண்மையிலேயே குறுக்கே நிற்கிறதா?
(வாசகர், பட்டர்வொர்த், பினாங்கு)

பதில்: ஐயா, தயவுசெய்து நிறுத்தாதீர்கள். 1816இல் தொடங்கப்பட்ட பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் என்ற ஆங்கிலப் பள்ளியில் அதே ஆண்டிலேயே தமிழ் வகுப்பும் தொடங்கியது. இரு மொழிகளும் ஒரே கூரையின்கீழ் இருந்த ஊர் உங்களுடையது.

நம்மவர்களை மிகவும் வாட்டும் 'எ', 'த' என்ற இரண்டு சிறு சொற்களையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் இவை இல்லை என்று வகுப்பில் சொல்லிவிடுகிறோம். உங்கள் மகனிடம் "புத்தகம் வாங்கினேன்", "புத்தகத்தை வாங்கினேன்" என்று இரண்டையும் சொல்லி வேறுபாட்டைக் கேளுங்கள். இரண்டாவதைக் கேட்டவுடன், முன்கதை தெரியாதவருக்கு "எந்தப் புத்தகம்?" என்ற கேள்வி எழும், ஏனென்றால் பேசுபவரும் கேட்பவரும் முன்பே அறிந்த புத்தகத்தையே அது குறிக்கும். இரண்டாம் வேற்றுமை 'ஐ' அங்கே செய்யும் வேலையைத்தான் ஆங்கிலத்தில் 'த' செய்கிறது. ஆட்களைக் குறிக்கும் பெயர்களுக்கு 'ஐ' எப்படியும் வந்துவிடும், எழுவாயில் அது வராது என்பதால் இந்த ஒப்பீடு எல்லா இடத்துக்கும் பொருந்தாது. ஆனாலும் தொடங்குவதற்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது.

தமிழ் இடறவைக்கும் இடங்களும் உண்டு, அவற்றையும் வெளிப்படையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். தகவல்கள், அறிவுரைகள், கருவிகள் என்று நாம் 'கள்' சேர்ப்பதால், 'இன்ஃபர்மேஷன்', 'அட்வைஸ்', 'எக்விப்மென்ட்' ஆகியவற்றுக்கும் பிள்ளைகள் 'எஸ்' போட்டுவிடுகிறார்கள். எங்கே உதவுகிறது, எங்கே இடறுகிறது என்று அறிந்த பிள்ளைக்குத் தமிழ் துணைதான்.

கேள்வி: நாளுக்கு இருபது கடினமான சொற்களை மனப்பாடம் செய்கிறேன். ஒரு வாரத்தில் பாதிக்குமேல் மறந்துவிடுகிறது.
(கல்லூரி மாணவர், ஜார்ஜ் டவுன், பினாங்கு)

பதில்: இருபதை ஐந்தாகக் குறையுங்கள், 'கடினமான' என்ற அளவுகோலையும் மாற்றுங்கள். உங்களுக்கு வேண்டியவை அரிய சொற்கள் அல்ல. பாடநூல்களில் திரும்பத் திரும்ப வருபவை. ஆங்கிலக் கல்வியாளர் மைக்கேல் வெஸ்ட் 1953இல் வெளியிட்ட பட்டியலில் சுமார் 2000 அடிப்படைச் சொற்கள் உள்ளன. அவற்றுக்கு மேலாக, கல்வித்துறை எழுத்துகளில் அடிக்கடி வரும் 570 சொற்குடும்பங்களை (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறப்பவையும் சேர்ந்தது ஒரு குடும்பம்) மொழியியலாளர் ஆவெரில் காக்ஸ்ஹெட் 2000இல் தொகுத்தார். அந்தப் பட்டியலில் உங்களுக்குத் தெரியாதவற்றை முதலில் பிடியுங்கள்.

சொல்லைத் தனியாகவும் படிக்காதீர்கள். நாம் 'கனமழை' என்றும் சொல்வோம், 'பலத்த மழை' என்றும் சொல்வோம். ஆங்கிலத்தில் மழை 'ஹெவி'யாக இருக்கும், 'ஸ்ட்ராங்' ஆகாது. காற்றோ 'ஸ்ட்ராங்' ஆக இருக்கும். எந்தச் சொல் எதனோடு சேரும் என்பதே உயர்நிலைச் சொல்வளம். ஆகவே அட்டையின் ஒரு பக்கத்தில் முழுத் தமிழ் வாக்கியத்தையும் மறுபக்கத்தில் அதன் ஆங்கில வாக்கியத்தையும் எழுதுங்கள். தமிழைப் பார்த்து ஆங்கிலத்தை வாய்விட்டுச் சொன்ன பிறகே அட்டையைத் திருப்ப வேண்டும். சரியாகச் சொன்ன அட்டையை மூன்று நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று தள்ளித் தள்ளிப் பாருங்கள். தவறியதை மறுநாளே பாருங்கள். கற்றது எவ்வளவு விரைவாக மறைகிறது என்பதை எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் 1885லேயே தம்மைத்தாமே சோதித்து எழுதினார். மறதி உங்கள் மூளையின் குறை அல்ல, தம்பி.

கேள்வி: நண்பர்களோடு பேசும் கலப்பு ஆங்கிலம் என் இலக்கணத்தைக் கெடுத்துவிடுமா?
(வாசகி, பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்)

பதில்: கெடுக்காது. வீட்டில் "வந்துட்டேன்" என்று பேசிவிட்டுக் கட்டுரையில் "வந்துவிட்டேன்" என்று எழுதுகிறோமே, அந்தப் பழக்கம் நம் இரத்தத்தில் ஊறியது. செயல் முடிந்துவிட்டதைக் காட்டும் மலாய்மொழியின் 'சுடா'வை ஒட்டி 'ஐ ஆல்ரெடி ஈட்' என்று கடையில் சொல்லலாம். நேர்முகத் தேர்வில் 'ஐ ஹேவ் ஈட்டன்' என்று வர வேண்டும். அது வருகிறதா என்று அறிய, மூவெட் பேச்சுத் தேர்வில் இருப்பதுபோல இரண்டு நிமிடம் யோசித்து, இரண்டு நிமிடம் பேசிக் கைப்பேசியில் பதிவுசெய்யுங்கள். பேசியதைச் சொல்லுக்குச் சொல் தாளில் எழுதி, சிவப்பு மையால் நீங்களே திருத்தி, அதே தலைப்பில் மறுநாள் மீண்டும் பேசுங்கள். முதல் பதிவை அழித்துவிடாதீர்கள். மூன்று மாதம் கழித்து அதை எடுத்துக் கேட்க வேண்டியிருக்கும்.